நர்சிங் படிக்கப் போகிறீர்களா? ஜி.என்.எம்.மா, பி.எஸ்சி.யா என்பதற்கு முன்னால் ஒரு கேள்வி

“என் பொண்ணு நர்சிங் படிக்கிறா” என்று ஒருவர் சொன்னால், தமிழ்நாட்டில் அது குறைந்தது ஐந்து விஷயங்களில் எதுவாகவும் இருக்கலாம். பி.எஸ்சி. என்ற நான்கு வருடப் பட்டப்படிப்பு. ஜி.என்.எம். என்ற மூன்று வருட டிப்ளமோ. கிராம சுகாதார செவிலியர் ஆவதற்கான இரண்டு வருடப் படிப்பு. பள்ளியிலேயே பிளஸ் ஒன்னில் எடுத்த செவிலியம் தொழிற்பிரிவு. அல்லது பஸ் ஸ்டாண்டு பக்கத்து மாடியில் நடக்கும் ஒரு வருட ‘நர்சிங் அசிஸ்டென்ட்’ வகுப்பு. ஊரில் எல்லோரும் ஐந்தையும் ‘நர்சிங்’ என்றுதான் சொல்கிறார்கள். விளம்பரப் பலகையும் அப்படித்தான் சொல்கிறது. படிப்பு முடிந்து வேலைக்கு விண்ணப்பிக்கும்போதுதான் இவை ஒன்றல்ல என்பது தெரிகிறது. அதற்குள் பணமும் வருடமும் போயிருக்கும்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் என்னிடம் வருகிற பெற்றோர் எல்லோரும் கேட்பது, “ஜி.என்.எம். சேர்க்கலாமா, பி.எஸ்சி. சேர்க்கலாமா?” நல்ல கேள்விதான். ஆனால் அது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வியைக் கேட்காமல் வந்துவிடுகிறார்கள் என்பதால்தான் இந்தக் கட்டுரை.

பதிவு என்றால் என்ன?

கார் ஓட்டக் கற்றுக்கொள்வதை எடுத்துக்கொள்ளுங்கள். டிரைவிங் ஸ்கூலில் கற்கலாம், மாமா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தரலாம். ஆனால் எவ்வளவு நன்றாக ஓட்டினாலும் ஆர்.டி.ஓ. அலுவலகம் கொடுக்கும் லைசென்ஸ் இல்லாமல் ரோட்டில் வண்டி எடுக்க முடியாது. டிரைவிங் ஸ்கூல் தரும் சான்றிதழைப் போலீஸ்காரரிடம் நீட்டினால் அவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு லைசென்ஸ் எங்கே என்றுதான் கேட்பார்.

நர்சிங்கிலும் அப்படித்தான். கல்லூரியோ பள்ளியோ தருவது படிப்புச் சான்றிதழ். நர்ஸாக வேலை செய்யும் உரிமையைத் தருவது மாநில நர்சிங் கவுன்சில். தமிழ்நாட்டில் அதன் பெயர் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமம். 1926-ஆம் ஆண்டு சென்னை மாகாணச் சட்டத்தின் கீழ் உருவான அமைப்பு அது. படிப்பை முடித்தவர்கள் அங்கே விண்ணப்பித்து, தங்கள் பெயரை ஒரு பதிவேட்டில் ஏற்றிக்கொள்ள வேண்டும். அப்படி ஏற்றப்பட்டவர்தான் ‘பதிவு பெற்ற செவிலியர்’. பிரசவம் பார்க்கும் பயிற்சியும் படிப்பிலேயே அடங்கியிருப்பதால் ‘பதிவு பெற்ற பேறுகாலப் பணியாளர்’ என்ற தகுதியும் கூடவே வரும். மருத்துவமனைகளில் இதைச் சுருக்கமாக ஆர்.என்.ஆர்.எம். என்பார்கள். வேலைக்குச் சேரும் நாளில் எச்.ஆர். அலுவலகத்தில் முதலில் கேட்கும் காகிதம் அதுதான்.

மாநிலக் குழுமங்களுக்கு மேலே, எந்தப் படிப்புக்கு எத்தனை வருடம், என்ன பாடம், எவ்வளவு மருத்துவமனைப் பயிற்சி என்று நாடு முழுமைக்கும் தரம் வகுப்பது இந்திய நர்சிங் கவுன்சில். 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தது. இந்தச் சட்டத்துக்கு மாற்றாக 2023-ல் நாடாளுமன்றம் தேசிய நர்சிங் மற்றும் பேறுகாலப் பணி ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியிருக்கிறது. அமைப்பின் பெயர் மாறினாலும் ஒரு மாணவிக்கு அடிப்படை விஷயம் மாறப்போவதில்லை: பதிவேட்டில் பெயர் ஏறுமா, ஏறாதா?

ஆக, முதல் கேள்வி இது: “இந்தப் படிப்பை முடித்தால் நர்சிங் கவுன்சிலில் என் பெயரைச் செவிலியராகப் பதிய முடியுமா?” சேர்க்கை அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். “நூறு சதவீதம் வேலை உண்டு”, “கவர்ன்மென்ட் அங்கீகாரம் உண்டு” என்பதெல்லாம் இந்தக் கேள்விக்குப் பதில் அல்ல. அரசு அங்கீகாரம் என்ற சொல்லுக்குள் எதை வேண்டுமானாலும் வைத்துவிடலாம். ஒரு தொழிற்பயிற்சிச் சான்றிதழுக்கும் அரசு அங்கீகாரம் இருக்கக்கூடும். அதை வைத்து நர்ஸ் பதிவு கிடைக்காது.

எந்தப் படிப்பு எந்தப் பதிவு தரும்?

பதிவு பெற்ற செவிலியர் ஆவதற்குப் பிளஸ் டூவுக்குப் பிறகு இரண்டு நேர்வழிகள்தான் இருக்கின்றன.

ஒன்று ஜி.என்.எம். பொது செவிலியம் மற்றும் பேறுகாலப் பணி டிப்ளமோ. மூன்று வருடம். முன்பு மூன்றரை வருடமாக இருந்தது, 2015-ல் பாடத்திட்டம் திருத்தப்பட்டபோது கடைசி ஆறு மாத நேரடிப் பயிற்சியையும் உள்ளடக்கி மூன்று வருடமாகச் சுருங்கியது. இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி, ஆங்கிலத்தை ஒரு பாடமாகப் படித்து பிளஸ் டூவில் 40 சதவீதம் எடுத்திருந்தால் போதும். சயின்ஸ் குரூப் விரும்பத்தக்கது, ஆனால் கட்டாயம் இல்லை. அரசு நர்சிங் பள்ளிகளின் சேர்க்கை அறிவிப்பில் பாடப்பிரிவு நிபந்தனை தனியாக இருக்கும். அந்தந்த வருட அறிவிப்பைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று பி.எஸ்சி. நர்சிங். நான்கு வருடப் பல்கலைக்கழகப் பட்டம். தமிழ்நாட்டில் பெரும்பாலான கல்லூரிகள் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பில் இருப்பவை. இதற்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் கட்டாயம், ஆங்கிலமும் வேண்டும், மொத்தத்தில் 45 சதவீதம் வேண்டும். பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் ஐந்து சதவீதத் தளர்வு உண்டு. ஆர்ட்ஸ் குரூப்போ காமர்ஸ் குரூப்போ எடுத்த மாணவிக்கு இந்தக் கதவு பிளஸ் ஒன்னிலேயே மூடிவிடுகிறது. பத்தாம் வகுப்பு முடிந்து குரூப் தேர்ந்தெடுக்கும் இடத்தில் யாரும் இதைச் சொல்வதில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

இந்த இரண்டில் எதை முடித்தாலும் பதிவு ஒன்றே. லைசென்ஸ் கணக்கில் சொன்னால் இருவருக்கும் ஒரே வகை லைசென்ஸ். டிப்ளமோ முடித்தவர் பாதி நர்ஸ், பட்டம் முடித்தவர் முழு நர்ஸ் என்று ஒரு பேச்சு உண்டு. அது தவறு.

மூன்றாவதாக ஏ.என்.எம். என்ற இரண்டு வருடப் படிப்பு இருக்கிறது. பெண்களுக்கு மட்டுமானது. இதற்கும் கவுன்சிலில் பதிவு உண்டு, ஆனால் அது ‘துணைச் செவிலியர்’ என்ற தனிப் பதிவு, அதாவது வேறு வகை லைசென்ஸ். ஊர் ஊராகத் தடுப்பூசி போட்டு, கர்ப்பிணிகளைக் கணக்கெடுத்து, துணை சுகாதார நிலையத்தைத் தாங்கி நிற்கிற கிராம சுகாதார செவிலியர்கள் வருகிற வழி இது. மிக முக்கியமான வேலை, மதிப்புக்குரிய வேலை. ஆனால் பெரிய மருத்துவமனையின் ஐ.சி.யு.வில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர இந்தப் பதிவு போதாது. துணைச் செவிலியராகப் பதிவு பெற்றவர் பிறகு ஜி.என்.எம். சேரலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பலருக்குத் தெரியவில்லை.

மீதி இருப்பவை: பிளஸ் டூ செவிலியம் தொழிற்பிரிவு, ஆறு மாத, ஒரு வருட நர்சிங் அசிஸ்டென்ட், ஹெல்த் அசிஸ்டென்ட், வீட்டுப் பராமரிப்புப் பயிற்சிகள். இவற்றில் சில நிஜமாகவே பயனுள்ள பயிற்சிகள். உதவியாளர் வேலை கிடைக்கும், சம்பாதிக்கலாம். ஆனால் இவை எதுவும் உங்கள் பெயரைச் செவிலியர் பதிவேட்டில் ஏற்றாது. அந்த உண்மையைச் சொல்லிச் சேர்க்கும் இடங்கள் சரி. ‘நர்ஸ் ஆகலாம்’ என்று சொல்லிச் சேர்க்கும் இடங்கள் ஏமாற்றுகின்றன.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: படிப்பு வேறு, பதிவு வேறு. ஜி.என்.எம்., பி.எஸ்சி. இரண்டும் பதிவு பெற்ற செவிலியர் ஆக்கும். ஏ.என்.எம். துணைச் செவிலியர் ஆக்கும். மற்றவை உதவியாளர் பயிற்சி. இனி அந்த இரண்டாவது கேள்விக்குப் போகலாம்.

வார்டில் இருவருக்கும் என்ன வித்தியாசம்?

மருத்துவ வார்டில் இரவு டியூட்டி. ஒரு நோயாளிக்கு ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருக்கிறது. 500 மில்லி நார்மல் சலைனில் பொட்டாசியம் குளோரைடு கலந்து ஐந்து மணி நேரத்தில் ஏற்றச் சொல்லி டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கிறார். மருந்தை அளந்து ஏற்றும் பம்ப் வேறு வார்டில் இருக்கிறது. சரி, கையால்தான் ஓட்ட வேண்டும். ஐந்து மணி நேரத்துக்கு 500 மில்லி என்றால் மணிக்கு 100 மில்லி. கையிலிருக்கும் ஐ.வி. செட்டில் 20 சொட்டுக்கு ஒரு மில்லி. ஆக, மணிக்கு 2,000 சொட்டு, நிமிடத்துக்கு ஏறக்குறைய 33. நர்ஸ் கைக்கடிகாரத்தைச் சொட்டு விழும் சேம்பர் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரோலரைத் தள்ளித் தள்ளி 33 வரும்வரை எண்ணுகிறார்.

இது கணக்கு. கணக்குக்கு முன்னால் அவர் செய்யும் வேலைதான் முக்கியம். நோயாளிக்குச் சிறுநீர் சரியாகப் போகிறதா என்று பார்க்கிறார். சிறுநீரகம் வேலை செய்யவில்லை என்றால் ஏற்றுகிற பொட்டாசியம் உடம்பிலேயே தங்கி இதயத்தை நிறுத்திவிடலாம். இந்த மருந்தை நேரடியாக நரம்பில் ஊசியாகப் போடவே கூடாது, நன்றாகக் கலந்துதான் ஏற்ற வேண்டும். பாட்டிலில் மருந்து கலந்திருப்பதை லேபிள் எழுதி ஒட்ட வேண்டும். ஊசி போட்ட இடம் எரிகிறதா என்று நடுவில் நடுவில் கேட்க வேண்டும்.

அந்த நர்ஸ் ஜி.என்.எம். படித்தவரா, பி.எஸ்சி. படித்தவரா? நோயாளிக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. இரண்டு படிப்பிலும் இது உண்டு. உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல், அடிப்படைச் செவிலியம், மருத்துவ மற்றும் அறுவைச் சிகிச்சை நர்சிங், குழந்தைகள் நலம், மனநலம், பேறுகாலம், சமூக நலம் எல்லாம் இரண்டிலும் பாடங்கள். பிரசவ வார்டில் கேஸ் புக் வைத்துக்கொண்டு பார்த்த பிரசவம், உடனிருந்து உதவிய பிரசவம், தானே பார்த்த பிரசவம் என்று ஒவ்வொன்றையும் எழுதிக் கையெழுத்து வாங்குவதும் இரண்டிலும் உண்டு.

அப்படியானால் ஒரு வருடம் கூடுதலாகப் படித்து என்ன கிடைக்கிறது? பி.எஸ்சி.யில் உயிர்வேதியியல், மருந்தியல், நோய்க்குறியியல், மரபியல் போன்றவை தனியாகவும் ஆழமாகவும் வருகின்றன. ஆராய்ச்சி முறையும் புள்ளியியலும் உண்டு, ஒரு சின்ன ஆய்வே செய்ய வேண்டியிருக்கும். வார்டு நிர்வாகம், கற்பிக்கும் முறை ஆகியவற்றுக்கும் அதிக இடம். ஜி.என்.எம்.மில் இவற்றின் சாரம் இருக்கிறது, நேரம் குறைவு. அதனால்தான் முதல் வருட வேலையில் இருவரும் ஒரே மாதிரி தெரிவார்கள். இன்னொன்றையும் பார்த்திருக்கிறேன்: மூன்று வருடத்தில் பெரும்பகுதியை நெரிசலான மருத்துவமனையில் கழித்த ஜி.என்.எம். பெண்களுக்குக் கை வேகம் முதலில் அதிகமாகவே இருக்கும்.

எங்கே வழி பிரிகிறது?

வித்தியாசம் ஐந்தாறு வருடம் கழித்துத்தான் தெரியும். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

தமிழ்நாடு அரசு மருத்துவமனை வேலை: மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், எல்லோரும் எம்.ஆர்.பி. என்பார்கள், நர்ஸ் பணிக்குத் தேர்வு வைக்கிறது. டிப்ளமோவும் பட்டமும் இரண்டும் தகுதி. தேர்வு ஒன்றுதான், மதிப்பெண்தான் பேசும். முதலில் தொகுப்பூதியத்தில் ஒப்பந்தப் பணி, பிறகு காலியிடங்களைப் பொறுத்துக் காலமுறை ஊதியம் என்பதே நடைமுறை. அந்தக் காத்திருப்பு நீளமானது, அதற்காக நர்ஸ்கள் பலமுறை போராடியிருக்கிறார்கள். அரசு வேலை மட்டுமே குறி என்றால் இங்கே பட்டத்தால் பெரிய முன்னிலை இல்லை.

மத்திய அரசு நிறுவனங்கள்: எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கான நார்செட் தேர்வில் பி.எஸ்சி. முடித்துப் பதிவு பெற்றவர் உடனே எழுதலாம். ஜி.என்.எம். முடித்தவர் குறைந்தது 50 படுக்கை கொண்ட மருத்துவமனையில் இரண்டு வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும். கதவு மூடவில்லை, இரண்டு வருடம் தள்ளித் திறக்கிறது. பதவியின் பெயர் ‘நர்சிங் ஆபீசர்’, சம்பளம் ஏழாவது ஊதியக் குழுவின் ஏழாம் நிலை, அடிப்படைச் சம்பளமே 44,900 ரூபாயில் தொடங்குகிறது. சின்ன தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கும் ஜி.என்.எம். பெண்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அனுபவச் சான்றிதழில் படுக்கை எண்ணிக்கை எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வேலையை விடுவதற்கு முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள்.

ராணுவ நர்சிங் சேவை: பட்டம் கேட்கும். ராணுவ மருத்துவக் கல்லூரிகளோடு இணைந்த நர்சிங் கல்லூரிகளில் பெண்களுக்கான பி.எஸ்சி. இடங்களுக்கு நீட் மதிப்பெண் தேவை. டிப்ளமோவுக்கு இங்கே வழி இல்லை.

ஆசிரியர் பணி, மேற்படிப்பு: இங்கேதான் உண்மையான பிரிவு. எம்.எஸ்சி. நர்சிங் சேரப் பட்டம் வேண்டும், ஒரு வருட அனுபவமும் வேண்டும். நர்சிங் கல்லூரியில் பேராசிரியர் பதவிகளுக்கு எம்.எஸ்சி. வேண்டும். தீவிர சிகிச்சையில் நர்ஸ் பிராக்டிஷனர் என்ற புதிய முதுநிலைப் படிப்புக்கும் அடித்தளம் பட்டம்தான். “எனக்குச் சொல்லிக் கொடுக்கப் பிடிக்கும்” என்று சொல்கிற பிள்ளைக்கு நான் யோசிக்காமல் பி.எஸ்சி. என்றுதான் சொல்வேன்.

வெளிநாடு: எல்லோருக்கும் ஆசை இருக்கிறது, ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். பொதுவாக ஒரு நாட்டின் நர்சிங் அமைப்பு மூன்று விஷயம் பார்க்கும்: சொந்த நாட்டில் பதிவு இருக்கிறதா, மொழி தெரியுமா, அவர்கள் வைக்கும் திறன் தேர்வில் தேறுகிறாரா. பிரிட்டனில் ஆங்கிலத்துக்கு ஐ.இ.எல்.டி.எஸ். அல்லது ஓ.இ.டி., அதன்பிறகு ஒரு கணினித் தேர்வு, கடைசியாகச் செய்முறைத் தேர்வு. பதிவு பெற்ற ஜி.என்.எம். நர்ஸும் போகலாம், நிறையப் பேர் போயிருக்கிறார்கள். ஜெர்மனிக்கும் அப்படித்தான், ஜெர்மன் மொழிதான் அங்கே மலை. ஆனால் சவுதியில் பட்டம் உள்ளவரையும் டிப்ளமோ உள்ளவரையும் வெவ்வேறு தகுதி நிலையில்தான் வைக்கிறார்கள், பதவியும் சம்பளமும் அதற்கேற்ப மாறும். ஆஸ்திரேலியா பட்ட அளவிலான கல்வியை எதிர்பார்க்கிறது. ‘வெளிநாடு’ என்று பொதுவாகச் சொல்லாமல் எந்த நாடு என்று முடிவு செய்துவிட்டுப் படிப்பைத் தேர்ந்தெடுங்கள். ஏஜென்ட்டை நம்புவதற்கு முன் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தையும் ஒருமுறை விசாரியுங்கள்.

சுருக்கமாக: நோயாளியின் கட்டில் அருகே இருவருக்கும் வேலை ஒன்று. மாநில அரசுத் தேர்விலும் ஒன்று. மேற்படிப்பு, ஆசிரியர் பணி, ராணுவம், சில நாடுகள் ஆகியவற்றில் பட்டம் முந்துகிறது.

நடுவில் ஒரு பாலம்

ஜி.என்.எம். எடுத்துவிட்டால் அதோடு முடிந்தது என்று நினைக்க வேண்டாம். போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. என்ற இரண்டு வருடப் படிப்பு இருக்கிறது. ஜி.என்.எம். முடித்துப் பதிவு பெற்றவர்களுக்கு மட்டுமானது. அதை முடித்தால் பட்டதாரி. பிறகு எம்.எஸ்சி. வரை போகலாம்.

நேராக பி.எஸ்சி. என்றால் நான்கு வருடம், ஜி.என்.எம். வழியாகப் போனால் மூன்றும் இரண்டும் ஐந்து. ஒரு வருடம் கூடுதல். ஆனால் இடையில் சம்பாதிக்கலாம். மூன்றாம் வருட முடிவிலேயே சம்பளம் வேண்டும் என்ற நிலையில் இருக்கிற வீட்டுக்கு இந்த ஐந்து வருடம் அந்த நான்கு வருடத்தைவிட எளிது. தம்பியின் பள்ளிக் கட்டணத்தைக் கட்டிக்கொண்டே பணம் சேர்த்துவைத்து போஸ்ட் பேசிக் முடித்த பெண்களை எனக்குத் தெரியும். இன்று அவர்கள் மற்றவர்களுக்குப் பாடம் நடத்துகிறார்கள்.

ஜி.என்.எம்.மை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் பட்டப்படிப்பாக்கும் யோசனை தேசிய அளவில் பல வருடங்களாகப் பேசப்படுகிறது. “அதான் நிறுத்தப் போறாங்களாமே” என்று பயந்து சேராமல் இருப்பவர்கள் உண்டு. ஏற்கெனவே முடித்துப் பதிவு பெற்றவரின் பதிவு அப்படியெல்லாம் ரத்தாகாது. சேரப்போகும் வருடத்தில் அந்தப் பள்ளிக்கு அனுமதி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது?

நான் சொல்வது இதுதான். சயின்ஸ் குரூப், நல்ல மதிப்பெண், அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. இடம் கிடைக்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், சேர்ந்துவிடுங்கள். அரசுக் கல்லூரிக் கட்டணத்தில் இவ்வளவு மதிப்புள்ள பட்டம் அபூர்வம். தமிழ்நாட்டில் இந்தச் சேர்க்கையை மருத்துவக் கல்வித் துறையின் தேர்வுக் குழு கலந்தாய்வு வைத்து நடத்துகிறது. பாராமெடிக்கல் படிப்புகளோடு சேர்த்தே விண்ணப்பம் வரும். அதனால் ‘நர்சிங்’ என்று தனி அறிவிப்பைத் தேடிக்கொண்டிருந்து தேதியைத் தவறவிட்டவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. புதுச்சேரி ஜிப்மரில் பி.எஸ்சி. நர்சிங்குக்கு நீட் மதிப்பெண் பார்ப்பார்கள்.

அரசு பி.எஸ்சி. கிடைக்கவில்லை, அரசு ஜி.என்.எம். கிடைக்கிறது. தனியார் பி.எஸ்சி.க்குக் கடன் வாங்க வேண்டும். இங்கேதான் வீடுகள் தடுமாறுகின்றன. என் கருத்து தெளிவானது. பெரிய அரசு மருத்துவமனையில் ஜி.என்.எம். படிப்பது, நோயாளிகளே இல்லாத தனியார் மருத்துவமனையை ஒட்டிய பி.எஸ்சி.யைவிட நூறு மடங்கு மேல். பட்டத்தைப் பின்னால் போஸ்ட் பேசிக்கில் வாங்கிக்கொள்ளலாம். பயிற்சிக் காலத்தில் பார்க்காத நோயாளிகளைப் பின்னால் எங்கே போய்ப் பார்ப்பது?

அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டுவரை படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-லிருந்து இருக்கிறது. டிப்ளமோவுக்கும் பட்டத்துக்கும் பொருந்தும். ஆண் பிள்ளைகளுக்கு 2024-ல் தமிழ்ப் புதல்வன் வந்தது. ஆம், ஆண்களும் நர்சிங் படிக்கலாம், ஜி.என்.எம்., பி.எஸ்சி. இரண்டிலும் இடமுண்டு. ஏ.என்.எம். மட்டும்தான் கிடையாது.

கட்டடத்தைப் பார்க்காதீர்கள், கட்டில்களைப் பாருங்கள்

நர்சிங்கைக் கையால்தான் கற்க வேண்டும். கவுன்சில் விதிப்படி ஒரு நர்சிங் கல்லூரிக்குச் சொந்தமாகக் குறைந்தது 100 படுக்கை கொண்ட தாய் மருத்துவமனை வேண்டும், பயிற்சியில் ஒரு மாணவிக்கு மூன்று நோயாளிகள் என்ற விகிதம் வேண்டும். கல்லூரியைப் பார்க்கப் போகும்போது ஏ.சி. ஹாலையும் ஸ்மார்ட் கிளாஸையும் காட்டுவார்கள். பார்த்துவிட்டு, “மருத்துவமனை எங்கே?” என்று கேளுங்கள். காலை பத்து மணிக்குப் போய் வார்டைப் பாருங்கள். படுக்கைகளில் ஆள் இருக்கிறார்களா? பிரசவ வார்டில் பிரசவம் நடக்கிறதா? மாணவிகளை வேறு எந்த மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறார்கள்? மூன்றாம் வருட மாணவி ஒருத்தியைத் தனியாகப் பிடித்து, “நீயே எத்தனை பிரசவம் பார்த்திருக்கிறாய்?” என்று கேட்டால் பதில் கிடைத்துவிடும்.

அப்புறம் காகிதம். கல்லூரியின் பெயர் தமிழ்நாடு குழுமத்தின் பட்டியலிலும் இந்திய நர்சிங் கவுன்சில் பட்டியலிலும் இந்த வருடத்துக்கு இருக்கிறதா? எத்தனை இடங்களுக்கு அனுமதி? அனுமதிக்கு மேல் சேர்த்திருந்தால் பரீட்சை எழுதும்போதோ பதிவு செய்யும்போதோ சிக்கல் வரும்.

பக்கத்து மாநிலக் கல்லூரிக்கு ஏஜென்ட் மூலம் போவது இங்கே வழக்கமாகிவிட்டது. போவதே தவறு என்று சொல்ல மாட்டேன். அங்கே படித்தால் அந்த மாநிலக் கவுன்சிலில் முதலில் பதிந்து, அதன்பிறகு தமிழ்நாட்டுக்குப் பதிவை மாற்ற வேண்டும். கல்லூரி ஒழுங்கானதாக இருந்தால் இது நடைமுறை வேலைதான். இல்லையென்றால் இரண்டு மாநிலத்துக்கும் நடுவில் மாட்டிக்கொள்ள நேரிடும். ஏஜென்ட்டின் வேலை சேர்க்கையோடு முடிந்துவிடும். “வகுப்புக்கு வர வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும்” என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். சொட்டு எண்ணத் தெரியாத ஒருவரிடம் நாளை யாரோ ஒரு நோயாளி உயிரை ஒப்படைக்கப் போகிறார்.

இந்தப் பகுதியின் சாரம்: ஜி.என்.எம்.மா பி.எஸ்சி.யா என்ற வித்தியாசத்தைவிட, நல்ல மருத்துவமனையா வெற்று மருத்துவமனையா என்ற வித்தியாசம் பெரிது.

ஏற்கெனவே வேறு எதிலோ சேர்ந்துவிட்டால்?

இந்தக் கேள்வியோடு வருபவர்கள்தான் அதிகம், பெரும்பாலும் அழுதுகொண்டே வருகிறார்கள். ஒரு வருட அசிஸ்டென்ட் படிப்பை முடித்துவிட்டு, கிளினிக்கில் இரண்டு மூன்று வருடம் ஊசி போட்டுப் பழகியிருப்பார்கள். எல்லோரும் ‘சிஸ்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய மருத்துவமனையில் கேட்டபோதுதான் பதிவு இல்லை என்பது தெரிந்திருக்கும்.

முதலில், அந்த அனுபவத்தை வைத்துப் பதிவு வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவரை நம்ப வேண்டாம். அப்படி ஒரு வழி சட்டத்தில் இல்லை. போலிப் பதிவுச் சான்றிதழ் சரிபார்ப்பில் மாட்டும். இப்போது நாடு முழுவதும் நர்ஸ்களுக்குத் தனி அடையாள எண் தரும் பதிவு முறை வந்திருக்கிறது. எண்ணைப் போட்டால் பெயர் வரும், அல்லது வராது.

அடுத்தது, வயது இருக்கிறது. ஜி.என்.எம்., ஏ.என்.எம். இரண்டுக்கும் கவுன்சில் வைத்திருக்கும் மேல் வயது வரம்பு 35. அரசு இடங்களுக்கான அறிவிப்பில் வரம்பு வேறாக இருக்கலாம், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிளஸ் டூவில் ஆங்கிலத்தோடு 40 சதவீதம் இருந்தால் 24 வயதிலும் 28 வயதிலும் முதல் வருட மாணவியாகச் சேரலாம். வகுப்பில் மற்றவர்கள் பதினெட்டு வயதுப் பிள்ளைகளாக இருப்பார்கள், முதல் ஒரு மாதம் கூச்சமாக இருக்கும். ஆனால் நோயாளியைத் தொட்டுப் பழகிய கை என்பதால் வார்டில் அவர்கள்தான் முதலில் தேறுகிறார்கள். சேருவதற்கு முன் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் எல்லாம் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய பயிற்சி நிலையம் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்திருந்தால், சேர்க்கை அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல் இன்றே போய் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.